ஓவன் தட்டை வெளிய இழுத்தாலும் கவுந்து விழாம இருக்கே, அது எப்படி?

வீட்ல ஓடிஜி (மேஜை மேல வைக்கற சின்ன மின்சார ஓவன்) வச்சிருக்கவங்க, அது நல்லா ஆறி இருக்கறப்போ ஒரு வேலை பண்ணிப் பாருங்க. உள்ள இருக்கற கம்பித் தட்டை மெதுவா வெளிய இழுங்க. சில மாடல்ல பாதி தூரம் வந்ததும் டக்குனு ஒரு இடத்துல நிக்கும், முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினாத்தான் முழுசா வெளிய வரும். இன்னும் சில மாடல்ல நீங்க தட்டைத் தொடவே வேணாம், கதவைக் கீழ இறக்கினாலே அதுல இருக்கற கொக்கி தட்டையும் கொஞ்ச தூரம் கூடவே இழுத்துட்டு வந்துரும். இந்த ரெண்டு ஏற்பாட்டுக்கும் பின்னாடி இருக்கற பிரச்சினை மின்சாரம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, விறகும் நிலக்கரியும் போட்டு எரிச்ச இரும்பு அடுப்பு காலத்துலயே இருந்தது. அதைத்தான் இங்க எளிமையா சொல்லப் பாக்கறேன், பத்தாங்கிளாஸ்ல படிச்ச திருப்புத்திறன் ஞாபகம் இருந்தா போதும், இல்லன்னாலும் பரவால்ல.

இதுல எனக்கு ஏன் இவ்ளோ அக்கறைன்னா, பேக்கிங் கத்துக்க ஆரம்பிச்ச புதுசுல நான் வச்சிருந்த ஒரு சின்ன ஓவன்ல அந்தத் தடுப்பு கிடையாது. கேக் வெந்துருச்சான்னு பாக்க தட்டை இழுத்தேன், பாதிக்கு மேல வந்ததும் முன்பக்கம் அப்படியே தொங்கிருச்சு, டின் வழுக்கி கதவு மேல வந்துச்சு, அதைப் பிடிக்கப் போயி மணிக்கட்டு சுட்டுருச்சு. அந்தத் தழும்பு இன்னும் இருக்கு. அப்பறம்தான் யோசிச்சேன், 200 வருஷம் முன்னாடி இதைவிடப் பல மடங்கு கனமான இரும்புத் தட்டை, தரையோட ஒட்டின மாதிரி இருக்கற அடுப்புல, குனிஞ்சு ஒரு நாளைக்கு எத்தனை தடவை இழுத்திருப்பாங்கன்னு.

முதல்ல அந்த அடுப்பைக் கொஞ்சம் கண்ணு முன்னாடி கொண்டு வரணும். ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் ரொம்ப காலம் சமையல் நடந்தது திறந்த கணப்புலதான். ரொட்டி சுடறதுக்குச் செங்கல் ஓவன் தனியா இருக்கும், அதுக்குள்ள தட்டுன்னு ஒண்ணும் கிடையாது, நீளக் காம்பு வச்ச மரப்பலகையால ரொட்டியை உள்ள தள்ளி, வெந்ததும் அதாலயே வெளிய எடுப்பாங்க. கை வெளியவே இருக்கும், பலகை மட்டும் உள்ள போகும், அதனால கை சுடற பிரச்சினை பெருசா இல்ல. 1780ல லண்டன்ல தாமஸ் ராபின்சன்ங்கறவர் கணப்புக்குப் பக்கத்துலயே இரும்பு ஓவனை வச்சு ஒரு அடுப்புக்கு பேட்டன்ட் வாங்கினார். நெருப்பு ஒரு பக்கம் மட்டும்தானே, நெருப்பை ஒட்டி இருக்கற பாதி கருகும், தள்ளி இருக்கற பாதி வேகாது. 1802ல எக்ஸிட்டர் ஊர்ல இரும்பு வார்ப்பு வேலை பாத்த ஜார்ஜ் போட்லி, மேல இரும்புத் தட்டு போட்டு நெருப்பை மூடின அடுப்புக்கு பேட்டன்ட் வாங்கினார். ஏறக்குறைய அதே காலத்துல கவுன்ட் ரம்ஃபோர்டும் (பிறந்தது அமெரிக்காவுல, பெரிய வேலையெல்லாம் பண்ணது மியூனிக்லயும் லண்டன்லயும்) வெப்பத்தை வீணாக்காத மூடின அடுப்பு பத்தி ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தார். அப்பறம் அமெரிக்கா. 1834ல ஃபைலோ ஸ்டூவர்ட்னு ஒருத்தர், ஓபர்லின் கல்லூரி ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், ஓபர்லின் அடுப்புக்கு பேட்டன்ட் வாங்கினார். நியூயார்க் மாநிலத்துல ட்ராய், ஆல்பனின்னு ரெண்டு ஊர் இந்த வார்ப்பிரும்பு அடுப்புக்குப் பேர் போனது.

இந்த அடுப்போட வயித்துல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சாத்தான் தட்டு விஷயம் புரியும். பெரும்பாலும் நெருப்புப் பெட்டி ஒரு ஓரத்துல இருக்கும், பக்கத்துல ஓவன். டேம்பரை, அதாவது புகை போற வழியைத் திறந்து மூடற தகட்டை, மூடிட்டா புகை நேரா புகைபோக்கிக்குப் போகாது, ஓவனோட தலை மேல ஓடி, அந்தப் பக்கச் சுவர் வழியா இறங்கி, அடியில புகுந்து, அப்பறம்தான் வெளிய போகும். அதாவது ஓவனையே புகை ஒரு சுத்து கட்டிப் பிடிச்சுக்குது. ராபின்சன் அடுப்பைவிட இது எவ்வளவோ தேவலை. ஆனாலும் நெருப்புப் பக்கமும் மேல்பக்கமும்தான் அதிக சூடு, ஏன்னா புகை போகப் போக ஆறிட்டே போகுது. அதனால ரொட்டி டின்னைப் பாதி வெந்ததும் திருப்பி வைக்கணும், மேல் தட்டுல இருக்கறதைக் கீழ மாத்தணும். வெப்பமானியும் கிடையாது, உள்ள கையை விட்டு எத்தனை எண்றவரைக்கும் தாங்குதுன்னு பாப்பாங்க, இல்லன்னா ஒரு பேப்பரையோ கொஞ்சம் மாவையோ உள்ள வச்சு எவ்ளோ நேரத்துல பழுப்பாகுதுன்னு பாப்பாங்க. இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, இன்னிக்கு நாம ஒரு கேக்குக்கு ஒரு தடவை ஓவனைத் திறந்தா, அவங்க நாலஞ்சு தடவை திறக்க வேண்டி இருந்தது, ஒவ்வொரு தடவையும் தட்டை இழுக்கணும், தள்ளணும்.

அந்தத் தட்டு எப்படி இருந்ததுன்னா, ஓவனோட ரெண்டு பக்கச் சுவர்லயும் உள்நோக்கி நீட்டிட்டிருக்கற மாதிரி ஒரு விளிம்பு வார்த்திருப்பாங்க, அது மேல ஒரு இரும்புப் பலகை சும்மா உக்காந்திருக்கும். அவ்ளோதான். உள்ள இருக்கறவரைக்கும் ஒரு குறையும் இல்ல, வெளிய இழுக்கறப்போதான் வம்பு.

கணக்கா பாத்தா இது நல்லா விளங்கும். தட்டோட ஆழம் 50 செ.மீ., எடை 3 கிலோன்னு வச்சுக்கோங்க. அது மேல 6 கிலோ எடையில ஒரு கறிப் பாத்திரம், அதோட நடு தட்டோட முன் விளிம்புலேருந்து 10 செ.மீ. உள்ள தள்ளி. தட்டோட சொந்த எடை அதோட நடுவுல, அதாவது 25 செ.மீ.ல வேலை செய்யும். இப்போ தட்டை 15 செ.மீ. வெளிய இழுக்கறோம். ஓவன் வாய்ல இருக்கற விளிம்பு முனைதான் இப்போ சீசா பலகைக்கு நடுவுல இருக்கற முட்டு மாதிரி. பாத்திரத்தோட நடு அந்த முட்டுக்கு வெளிய 5 செ.மீ., 6ஐ 5ஆல பெருக்கினா 30. தட்டோட நடு முட்டுக்கு உள்ள 10 செ.மீ., 3ஐ 10ஆல பெருக்கினா அதுவும் 30. ரெண்டு பக்கமும் சமம்! இன்னும் ஒரு விரக்கடை இழுத்தா மொத்தமும் முன்னாடி சாயும். 50 செ.மீ. தட்டுல வெறும் 15 செ.மீ.தான் தைரியமா இழுக்கலாம், பாத்திரம் முழுசா வெளிய வந்திருக்காது, மீதிக்கு கையை உள்ள விட்டுத்தான் ஆகணும். சூடு படறது அங்கதான்.

இதுல இன்னொரு சங்கதி இருக்கு, நான் கணக்கு போட்டுப் பாக்கற வரைக்கும் எனக்கே தோணல. முழு இரும்புப் பலகை சூடான காத்தை மறிக்கும், மேல தட்டும் கீழ தட்டும் வேற வேற சூட்டுல இருக்கும், அதனால ஓட்டை விட்ட தட்டு, கம்பித் தட்டு இதெல்லாம் நல்லது, காத்து தாராளமா சுத்தும், எடையும் குறைவு. ஆனா எடை குறைஞ்சா சாயற பிரச்சினை கூடுது! அதே கணக்குல தட்டு 3 கிலோவுக்குப் பதில் 1 கிலோன்னு போடுங்க, 12 செ.மீ. தாண்டினதுமே கவுந்துரும். கனமான பலகை தன் எடையாலயே பின்னாடி அழுத்திப் பிடிச்சுட்டிருந்தது, லேசான தட்டுக்கு அந்த பலம் இல்ல. ஆக வெப்பத்துக்காக பண்ண நல்ல மாற்றம் ஒண்ணு, இயந்திர விஷயத்துல ஒரு புது மாற்றத்தைக் கட்டாயமாக்குது.

இதுக்கு என்ன பண்ணலாம்? கீழ ஒரு விளிம்பு இருக்கே, அதே மாதிரி தட்டுக்கு மேலயும் ஒரு விளிம்பு வச்சுடலாம். தட்டோட ஓரம் ரெண்டுக்கும் நடுவுல ஓடும். முன்பக்கம் சாயப் பாக்கறப்போ பின்பக்கம் மேல எழும்பணும், எழும்பவிடாம மேல் விளிம்பு தலையில தட்டி உக்கார வச்சுடும். சாமான் போட்ட மேஜை டிராயரை முக்கால்வாசி இழுத்தாலும் விழாம நிக்குதே, அதுவும் இதே சூத்திரம்தான்.

ஆனா எவ்ளோ தூரம் வேணா இழுக்கலாமான்னா இல்ல. தட்டும் பாத்திரமும் சேர்ந்து 9 கிலோ, பாத்திரம் இந்தத் தடவை நட்டநடுவுல இருக்குன்னு வைங்க. 35 செ.மீ. வெளிய இழுத்தா எடையோட நடு 10 செ.மீ. வெளிய, உள்ள மிச்சம் இருக்கறது 15 செ.மீ. பின்பக்கத்தை மேல் விளிம்பு 6 கிலோ அளவுக்கு அழுத்திப் பிடிக்கணும், அது சுலபம். 45 செ.மீ. இழுத்தா? நடு 20 செ.மீ. வெளிய, உள்ள இருக்கறது வெறும் 5. இப்போ பிடிக்க வேண்டியது 36 கிலோ. பத்து செ.மீ.தான் கூட இழுத்தோம், விசை ஆறு மடங்கு ஆயிருச்சு. வார்ப்பிரும்பு அழுத்தத்தை நல்லா தாங்கும், ஆனா வளைக்கற மாதிரி விசை வந்தா வளையாது, பட்டுனு உடையும். அதனால எங்கயோ ஒரு இடத்துல ‘இதுக்கு மேல வராதே’ன்னு நிறுத்தியே ஆகணும்.

அந்த நிறுத்தற வேலையைப் பண்றது ஒரு சின்ன முட்டு, தட்டோட பின்பக்கத்துல ஒரு புடைப்பு, பக்க விளிம்புல முன்னாடி ஒரு தடுப்பு. தட்டு முன்னாடி வர்றப்போ புடைப்பு போயி தடுப்புல இடிச்சு நிக்கும். தட்டை மொத்தமா கழட்டணும்னா முன்பக்கத்தைத் தூக்கினா போதும், பின்பக்கம் தாழ்ந்து புடைப்பு தடுப்புக்கு அடியில நழுவி வந்துரும். தட்டு தானா சாஞ்சா முன்பக்கம் கீழதான் போகும், மேல போகாது, இது எவ்ளோ அழகுன்னு பாருங்க! தப்பா நடக்கற அசைவு எந்தத் திசையோ அதுல பூட்டிக்குது, நாம வேணும்னே பண்ற அசைவுல மட்டும் திறக்குது. ஸ்பிரிங் இல்ல, திருகு இல்ல, சூட்டுல தேயறதுக்கோ கெட்டுப் போறதுக்கோ எதுவுமே இல்ல, இரும்புல ஒரு சின்ன மேடு, அவ்ளோதான். நான் பாத்த வரைக்கும் ஓவன் தட்டுல நடந்த மாற்றங்கள்ல இதுதான் பெருசு.

சாயற பிரச்சினை போயாச்சு, அடுத்து சிக்கிக்கற பிரச்சினை. ஒரு கையில துணி, துணிக்குள்ள தட்டோட ஒரு மூலை, அதை மட்டும் பிடிச்சு இழுத்தா தட்டு நேரா வராது, லேசா கோணிக்கிட்டு எதிரெதிர் மூலைகள் சுவர்ல போயி அடைச்சுக்கும். அப்பறம் எவ்ளோ பலமா இழுக்கறோமோ அவ்ளோ பலமா அடைச்சுக்கும், பழைய மர பீரோ டிராயரை ஒரு கைப்பிடியை மட்டும் பிடிச்சு இழுத்தவங்களுக்கு இது நல்லாவே தெரியும். உள்ள எவ்ளோ நீளம் மிச்சம் இருக்கோ அதைப் பொறுத்துதான் தட்டு நேரா நிக்கும், இழுக்க இழுக்க அந்த நீளம் குறையுது, அதனால கடைசியிலதான் அதிகமா சிக்கும். எண்ணெய் போட்டு வழவழப்பாக்கலாம்னு தோணும், ஆனா அந்தச் சூட்டுல எண்ணெய் கருகிப் பிசினாயிரும், நிலைமை இன்னும் மோசமாகும். அடுப்பைக் கருப்பா பளபளன்னு வச்சுக்க அந்தக் காலத்துல தேச்ச பாலிஷ் கிராஃபைட்ல செஞ்சது, பென்சிலுக்குள்ள இருக்கே அதே பொருள், அது சூட்டைத் தாங்கும், இரும்புக்கும் இரும்புக்கும் நடுவுல வழுக்கியும் விடும். இடைவெளியும் கொஞ்சம் விட்டாகணும். அரை மீட்டர் அகல வார்ப்பிரும்பு 200 டிகிரி சூடேறினா ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல விரியும், கச்சிதமா பொருத்தினா சூட்டுல மாட்டிக்கும், ரொம்ப லூசா விட்டா கோணிக்கும். நடுவுல கைப்பிடி வச்சு நேரா இழுக்க வைக்கறது ஒரு நல்ல வழி.

இப்போ கதவு. எப்படியும் கதவைத் திறக்கத்தானே போறோம், அந்த அசைவுலயே தட்டும் வெளிய வந்துட்டா இன்னொரு கை மிச்சம்னு நிறையப் பேர் யோசிச்சிருக்காங்க, கதவோட சேர்ந்து நகர்ற ஓவன் தட்டுக்குன்னு பேட்டன்ட் வகைப்பாட்டுல தனி இடமே இருக்கு. பாத்திரம் இருக்கற இடத்துக்கு ஆள் போகாம, ஆள் இருக்கற இடத்துக்குப் பாத்திரம் வரணுங்கற ஆசை அடுப்பு செஞ்சவங்களுக்கு ரொம்ப நாளாவே இருந்தது. வெர்மான்ட் மாநிலத்துல ஹென்றி ஸ்டான்லி 1832ல பேட்டன்ட் வாங்கின அடுப்புல மேல்தட்டே வட்டமா சுத்தும், கைப்பிடியைத் திருப்பினா வேணுங்கற பாத்திரம் நெருப்புக்கு நேரா வரும். ஓவன் தட்டுல வந்ததும் அதே ஆசைதான்.

கீழ்நோக்கித் திறக்கற கதவுன்னா இது சுலபம். கதவுல கீலுக்கு மேல 10 செ.மீ.ல ஒரு கொக்கி மாட்டினா, கதவு முழுசா படுத்ததும் அந்தக் கொக்கி 10 செ.மீ. முன்னாடி வந்திருக்கும், கீலுக்குக் கிட்ட மாட்டினா தட்டு கொஞ்சமா வரும், தள்ளி மாட்டினா நிறைய வரும். கைப்பிடி கீல்லேருந்து 40 செ.மீ.ல இருந்தா கொக்கியைவிட நாலு மடங்கு தூரம், அதனால கால்வாசி பலம் போதும், நெம்புகோல் கணக்குதான்.

பக்கவாட்டுல திறக்கற கதவுன்னா அப்படி இல்ல. கதவுல இருக்கற புள்ளி முன்னாடி வர்ற அதே நேரத்துல கீல் பக்கமாவும் ஒதுங்கும், தட்டை நேரா இணைச்சா கோணலா இழுத்து மேல சொன்ன மாதிரி அடைச்சுக்கும். ரெண்டு முனையிலயும் சுழலற மாதிரி ஒரு கம்பி போடலாம், அது ஓரளவு சரி பண்ணும். இல்லன்னா தட்டைக் கதவுலயே பொருத்திடலாம், கதவு வட்டமடிச்சா தட்டும் கூடவே வட்டமடிச்சு வெளிய வரும். கேக்க நல்லா இருக்கு, ஆனா ஒரு சதுர அட்டையை எடுத்து ஒரு மூலையில குண்டூசி குத்தி, அட்டை அளவே அகலமுள்ள வாசல் வழியா சுத்தி வெளிய கொண்டு வரப் பாருங்க. வராது. குண்டூசிக்கு எதிர்மூலை இருக்கற தூரம் வாசல் அகலத்தைவிட ஜாஸ்தி, நிலையில போயி இடிக்கும். அந்த மூலையை வளைச்சு வெட்டி, தட்டைக் கால்வட்டமாக்கினாத்தான் வரும், அப்படி வெட்டினா சதுரத்துல அஞ்சுல ஒரு பங்கு இடம் போயிரும். நீளமான ரொட்டி டின் வைக்கறவங்களுக்கு அந்த இடம் சாதாரணம் இல்ல.

கதவோட தட்டை இணைக்கறதுல எனக்கு முழு மனசு கிடையாது. இரும்புக் கதவு கனமானது, கை நழுவிப் பட்டுனு விழுந்தா தட்டும் அதே வேகத்துல வெளிய பாயும், கறிப் பாத்திரத்துல இருக்கற கொதிக்கற கொழுப்பு தளும்பும். சும்மா எட்டிப் பாக்கக் கதவைக் கொஞ்சம் திறந்தாலும் தட்டு நகரும். ரெண்டு தட்டு இருந்தா எதை இணைக்கறதுன்னு வேற இருக்கு. ஆனா ஓடிஜி மாதிரி சின்ன ஓவன்ல, கதவு லேசு, தட்டு லேசு, வர்ற தூரமும் கம்மி, அங்க அது நல்லாவே வேலை செய்யுது. மேல விளிம்பு, பின்னாடி புடைப்பு, இது ரெண்டும் எந்த அளவு ஓவனுக்கும் பொருந்தும்.

ஓவன் வாங்கப் போனா கடையிலயே தட்டை இழுத்துப் பாருங்க. பாதிக்கு மேல இழுத்து முன் விளிம்பை விரலால கீழ அழுத்துங்க, தொங்காம நிக்கணும். அப்பறம் ஒரு மூலையை மட்டும் பிடிச்சு இழுங்க, சிக்காம வரணும். வீட்ல ஏற்கெனவே இருக்கற ஓவன்ல தட்டு நிக்காம தொங்குதுன்னா அதைத் தலைகீழாவோ முன்பின்னாவோ மாட்டியிருக்கவும் வாய்ப்பு இருக்கு, அந்தப் புடைப்போ வளைவோ பின்பக்கம் வர்ற மாதிரி திருப்பி மாட்டிட்டு மறுபடி இழுத்துப் பாருங்க.